கிட்டில் தமிழ்க் கோப்புகள்: கோவை, திருப்பூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவிநாசி ரோட்டை ஒட்டி இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன மென்பொருள் கடைகள் நிறைய உண்டு. சாயப்பட்டறைக்கு டெலிவரி சலான், மஞ்சள் மண்டிக்கு எடைச்சீட்டு, தறிக்குடோனுக்குக் கூலிக் கணக்கு என்று எல்லாமே தமிழில் அச்சாக வேண்டும். நானும் 15 வருடமாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். நிரல் மட்டுமில்லை, பொருள் பட்டியல், ஊர்ப் பட்டியல், ரசீது மாதிரிகள் எல்லாமே எங்களிடம் கிட் ரெப்போவில்தான் இருக்கின்றன. கிட் என்பது கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள், ரெப்போ என்பது அந்தக் கோப்புகளும் பதிவுகளும் இருக்கும் கிடங்கு. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளும் பக்கத்துக் கடை நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளைச் சொல்லும் விதத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தாகத் தட்டிக்கொள்ளுங்கள்.

"நூல்" என்று ஒரு ஃபோல்டர் வைத்தேன். கிட் ஸ்டேட்டஸ் போட்டால் எண்ணும் சாய்கோடுமாக வருகிறது. ஃபோல்டர் கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பார்த்தது இதுதான்:

"\340\256\250\340\257\202\340\256\262\340\257\215/"

கண்ணுக்கு "நூல்" இரண்டு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் அது நான்கு குறி: ந, ஊகாரத்தின் குறி, ல, புள்ளி. அந்தக் குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் 12 பைட். மேலே எண்ணிப் பாருங்கள், சரியாக 12 எண்கள் இருக்கும். முதல் மூன்றும் ந, கடைசி மூன்றும் புள்ளி. பழைய டெர்மினல்களில் (கட்டளை தட்டும் திரை) தகராறு வராமல் இருக்க, ஆங்கிலம் அல்லாத பைட்டுகளைக் கிட் இப்படி எட்டடிமான எண்ணாக (0 முதல் 7 வரை உள்ள இலக்கங்களால்) காட்டுகிறது.

தமிழாகவே பார்க்க வேண்டுமா? கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ் என்று ஒரு தடவை கொடுத்துவிட்டால் போதும்.

ஆனால் இந்த எண் வரிசையை வெறுக்க வேண்டாம். இரண்டு கேள்வி தள்ளி, வேறு எதுவும் உதவாத இடத்தில் இதுதான் நமக்குக் கைகொடுக்கப் போகிறது.

அப்படியானால் கிட்டுக்குத் தமிழ் தெரியுமா, தெரியாதா?

தெரியாது. ஆங்கிலமும் தெரியாது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியதிலிருந்தே கோப்பின் உள்ளடக்கம் என்பது கிட்டுக்கு வெறும் பைட்டுகள். எந்த என்கோடிங் (எந்த எழுத்தை எந்த எண்ணால் எழுதுவது என்ற முறை) என்று எங்கேயும் குறித்து வைப்பதில்லை. கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்து அப்படியே திருப்பித் தரும். கோப்பின் பெயரும் அதே மாதிரிதான், பைட் வரிசை. கமிட் (மாற்றங்களை ஒரு தொகுப்பாகப் பதிவு செய்வது) போடும்போது எழுதும் செய்தியை மட்டும் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்கிறது. வேறு என்கோடிங்கில் எழுதுவதாக ஐ18என்.கமிட்என்கோடிங் வழியாக நீங்கள் சொன்னால், அதை அந்தக் கமிட்டின் தலைப்பிலேயே குறித்துக்கொள்ளும்.

இதில் ஒரு நன்மை இருக்கிறது. உங்கள் எழுத்தைக் கிட் தானாகத் தொட்டுக் கெடுக்காது. ஒரு பொறுப்பும் இருக்கிறது. எந்த என்கோடிங் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும், அந்த முடிவை ரெப்போவுக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்தால் புதிதாக ஒரு ஆள் வந்த அன்றைக்கே அது போய்விடும்.

ஒரே ஃபோல்டரில் "கோவை" என்று இரண்டு கோப்புகள் காட்டுகிறது. ஒன்றை அழித்தால் இன்னொன்று நிற்கிறது. இது எப்படி?

இந்தக் கேள்வியில்தான் நான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். அதனால் கொஞ்சம் நின்றே சொல்கிறேன்.

"கோ" என்பதைப் பள்ளிக்கூடத்தில் எப்படி எழுதப் பழகினோம்? முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். யூனிகோடில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஓகாரத்துக்கென்றே தனியாக ஒரு குறி உண்டு. க-வுக்குப் பின்னால் அதைப் போட்டால் "கோ". இல்லையென்றால், க-வுக்குப் பின்னால் இரட்டைக்கொம்பு, அதற்குப் பின்னால் துணைக்கால் என்று இரண்டு குறிகளாகப் போட்டாலும் "கோ". திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். முதல் வடிவத்துக்கு என்எஃப்சி என்று பெயர், பிரித்த வடிவத்துக்கு என்எஃப்டி.

கிட் பைட்டைத்தானே பார்க்கிறது? சேர்த்து எழுதிய "கோவை" 12 பைட். பிரித்து எழுதிய "கோவை" 15 பைட். அதனால் இரண்டும் வேறு வேறு கோப்புகள்.

எங்களுக்கு எப்படி வந்தது? பழைய மேக் கணினியிலிருந்து ஒருவர் ஊர்வாரியான கோப்புகளை ஜிப் கட்டிக் கொடுத்தார். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்தே எழுதி வைக்கும். 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை, கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். அந்த ஜிப்பை லினக்ஸில் பிரித்துச் சேர்த்தபோது, ஏற்கெனவே இருந்த "கோவை" பக்கத்தில் இன்னொரு "கோவை" வந்து உட்கார்ந்துவிட்டது. நிரல் ஒன்றைத் திறந்தது, நாங்கள் மற்றொன்றைத் திருத்திக்கொண்டே இருந்தோம். திருத்தம் மட்டும் பில்லில் வரவே இல்லை.

கண்டுபிடிக்க, கோர்.கோட்பாத்தைத் திரும்ப ட்ரூ ஆக்கிவிட்டு கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் போடுங்கள். க-வுக்குரிய \340\256\225 என்பதற்குப் பின்னால் \340\257\213 வந்தால் அது சேர்ந்த ஓகாரம். \340\257\207\340\256\276 வந்தால் கொம்பும் காலுமாகப் பிரிந்தது. திரையில் ஒன்றாகத் தெரிவதை எண்கள் பிரித்துக் காட்டிவிடும்.

சரிசெய்ய, லினக்ஸில் உட்கார்ந்து, பிரிந்த பெயர்க் கோப்பில் இருக்கும் திருத்தங்களைச் சேர்ந்த பெயர்க் கோப்புக்கு மாற்றிவிட்டு, பிரிந்ததை கிட் ஆர்எம் செய்துவிடுங்கள். மேக்கில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அங்கே இரண்டு பெயரும் ஒரே கோப்பையே காட்டும். மேக் வைத்திருப்பவர்கள் கோர்.பிரீகம்போஸ்யூனிகோட் ட்ரூ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிந்த பெயர்களைச் சேர்த்தே கிட்டிடம் கொடுக்கும் அமைப்பு அது.

எந்த ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் இந்தத் தொல்லை வரும்?

ஒ, ஓ, ஔ ஏறிய உயிர்மெய் எங்கே இருந்தாலும் வரும். கொங்கு, கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, கோபி, கொடுமுடி, சோமனூர் எல்லாம் இதில் சேரும். திருப்பூர், கரூர், நாமக்கல், தாராபுரம், பல்லடம் இவற்றுக்குப் பிரச்சினை இல்லை. காங்கேயம், பெருந்துறை, மேட்டுப்பாளையம் இவற்றில் கொம்பு மட்டுமே இருக்கிறது, கூடவே கால் இல்லை. ஆகவே அவையும் தப்பித்தன. தனி எழுத்தான ஔ-வுக்கும் இரண்டு வடிவம் உண்டு.

"ஸ்ரீ" வேறு வகை. ஸ போட்டு எழுதிய ஸ்ரீ ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ போட்டு எழுதிய ஶ்ரீ ஒன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் இவை சமம் என்று யூனிகோடு சொல்லவில்லை. என்எஃப்சி-க்கு மாற்றினாலும் ஒன்றாகாது. நம் பக்கம் நிறுவனப் பெயர்களில் பாதி ஸ்ரீ-யில் தொடங்குவதால் வாடிக்கையாளர் பட்டியலில் இது அடிக்கடி மாட்டும். ஒன்றை முடிவு செய்து, மற்றதைத் தேடி மாற்றிவிடுவதுதான் வழி.

கோப்பின் உள்ளேயும் இதே கதைதான். கிட் கிரெப்பில் சேர்ந்த "ஈரோடு" என்று தேடினால் பிரிந்த "ஈரோடு" கிடைக்காது.

பாமினியில் அடித்த பழைய பொருள் பட்டியலை ரெப்போவில் போடலாமா?

போடலாம், கிட் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அங்கே தமிழே இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பாமினி ஒரு என்கோடிங் இல்லை, ஒரு எழுத்துரு. "மஞ்சள்" என்று நீங்கள் அடித்த கோப்பைத் திறந்து பாமினி எழுத்துருவை எடுத்துவிட்டால் அங்கே இருப்பது ஆங்கில கே, பெரிய க்யூ, அரைப்புள்ளி, ஆர், எஸ், அரைப்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியை வைத்திருக்கிறார்கள். ஆகவே கிட்டின் கண்ணுக்கும் சரி, யூடிஎஃப்-8 சோதனைக்கும் சரி, இது சுத்தமான ஆங்கிலக் கோப்பு. எந்தக் கருவியும் எச்சரிக்காது.

இதன் விளைவு எதிர்பாராத இடத்தில் வரும். பாமினியில் "இ" என்பது காற்புள்ளி விசை. சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பத்தி பிரிக்கும் அட்டவணைக் கோப்பு) "இருகூர்" என்று ஒரு ஊர்ப்பெயர் வந்தால், அந்த முதல் எழுத்தையே நிரல் பத்திப் பிரிப்பானாக எடுத்துக்கொள்ளும். அந்த வரி முழுக்க ஒரு பத்தி தள்ளிப்போகும். "ஈ" என்பது "சிறியது" என்ற கணிதக் குறி (<). எக்ஸ்எம்எல்லில் டேக் எனப்படும் அடையாளம் அந்தக் குறியில்தான் தொடங்கும். எக்ஸ்எம்எல் கோப்பில் "ஈரோடு" வந்தால் புது டேக் தொடங்குகிறது என்று நினைத்து நிரல் நின்றுவிடும்.

யூனிகோடுக்கு மாற்றுங்கள், வேறு வழியில்லை. பாமினியிலிருந்து மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் நிறைய இருக்கின்றன. கோப்பு முழுவதையும் அதில் கொட்டாதீர்கள். ஒரே வரியில் ஆங்கிலத்தில் நூல் ரகமும் தமிழில் விவரமும் இருக்கும். மாற்றிக்கு இரண்டும் ஆங்கில எழுத்துதான், நூல் ரகத்தையும் தமிழாக்கி அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக்கிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியாகப் பிரித்து மாற்றி, திரும்பச் சேர்த்து, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்த பிறகு கமிட் செய்யுங்கள். மண்டியில் கணக்கு எழுதுகிறவரை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னால் அவர் கண்ணுக்கு ஒரு பிழையும் தப்பாது.

டிஸ்கி, டாப், டாம் கோப்புகள்?

இவை உண்மையான என்கோடிங்குகள். டிஸ்கி 1990-களின் கடைசியில் இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கியது. டாபும் டாமும் 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தரங்கள். லினக்ஸில் இருக்கும், என்கோடிங் மாற்றும் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். டாபுக்கும் டாமுக்கும் தனி மாற்றி தேட வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். டிஸ்கியில் கொம்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால். ஆகவே மாற்றம் என்பது ஒரு பைட்டுக்குப் பதில் இன்னொன்று போடுவதில்லை, வரிசையும் மாறும். சொந்தமாக நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி மாற்றப் பார்க்கிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பழைய கோப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டே டிஃப் (இரண்டு பதிப்புக்கு நடுவே மாறியதைக் காட்டுவது) மட்டும் படிக்கிற மாதிரி பார்க்க வேண்டும் என்றால் டெக்ஸ்ட்கான்வ் அமைப்பு இருக்கிறது. எந்த வகைக் கோப்பை எப்படிக் கையாள வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் .கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் அந்த வகைக் கோப்புகளுக்கு டிஃப்=டிஸ்கி என்று எழுதி, கான்ஃபிக்கில் டிஃப்.டிஸ்கி.டெக்ஸ்ட்கான்வ் என்பதற்கு ஐகான்வ் கட்டளையைக் கொடுத்தால் டிஃப் யூனிகோடில் தெரியும். கான்ஃபிக் பகுதி குளோனோடு (ரெப்போவை இன்னொரு கணினிக்குப் பிரதி எடுப்பது) சேர்ந்து போகாது, ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் போட்டுக்கொள்ள வேண்டும்.

2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்-16 என்பதையும் ஏற்றது. அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் யூடிஎஃப்-8 சோதனையில் தேறிவிடும், ஆனால் சாதாரணத் தமிழ்த் தேடலில் கிடைக்காது.

ஏனுங்க, எக்செல்லில் ஒரே ஒரு ரேட்டைத்தான் மாத்தினேன். மொத்தப் பேரும் கேள்விக்குறி ஆயிடுச்சே?

இந்தக் குரலை நான் போனில் பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் முறை, ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் நேரிலேயே பார்த்தேன். பீஸ் ரேட் பட்டியல் சிஎஸ்வி-யாக இருந்தது. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் தங்கை ஓவர்லாக் கூலியை 25 காசு ஏற்றிவிட்டு, எக்செல் காட்டிய சாதாரண சிஎஸ்வி வகையிலேயே சேவ் செய்தார். "நூல்" இருந்த இடத்தில் "????". நான்கு குறிக்கு நான்கு கேள்விக்குறி. கீழே வரைக்கும் ஒரு தமிழ்ச் சொல் மிச்சமில்லை. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

தவறு அவருடையது இல்லை. எக்செல்லின் சாதாரண சிஎஸ்வி, விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியலில் எழுதுகிறது. தமிழுக்கென்று அப்படி ஒரு பட்டியலே விண்டோஸில் கிடையாது. இல்லாத எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டுவிடும். பைட்டே அழிந்துவிட்டதால் அந்தக் கோப்பிலிருந்து எந்த மாற்றியாலும் தமிழைத் திரும்ப எடுக்க முடியாது.

கிட் இருந்தால் எடுக்கலாம். கமிட் ஆவதற்கு முன்னால் கண்டுபிடித்தால் கிட் ரெஸ்டோர் என்று கோப்பின் பெயரோடு கொடுத்தால் பழையது வந்துவிடும். கமிட் ஆகிவிட்டால் முந்தைய கமிட்டிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து, ரேட்டைக் கையால் திருத்திவிடுங்கள். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் இரண்டு நிமிடத்தில் எல்லாப் பெயரும் திரும்ப வந்தது. வெர்ஷன் கண்ட்ரோல் எதற்கு என்று அதற்குப் பிறகு அங்கே யாரும் கேட்டதில்லை.

இனிமேல் வராமல் இருக்க, சேவ் ஆஸ் பட்டியலில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அது கோப்பின் தலையில் மூன்று பைட்டைச் சேர்க்கும். அதற்கு அடுத்த கேள்வி.

கோப்பில் எதையுமே மாற்றவில்லை, ஆனால் முதல் வரி மாறியதாக டிஃப் சொல்கிறது.

அந்த மூன்று பைட்தான்: 239, 187, 191. பாம் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ் நோட்பேட் யூடிஎஃப்-8 என்று சேவ் செய்யும்போதெல்லாம் முன்பு இதைச் சேர்த்துவிடும். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, பாம் இல்லாத யூடிஎஃப்-8 நோட்பேடின் இயல்பாகிவிட்டது.

ஷெல் ஸ்கிரிப்டின் தலையில் பாம் இருந்தால் அது ஓடாது. சிஎஸ்வி-யில் முதல் பத்தியின் பெயர் பொருந்தாமல் போகும். ஆனால் எக்செல்லுக்கு பாம் வேண்டும், இல்லையென்றால் தமிழைக் குப்பையாகக் காட்டும். நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு: ரெப்போவில் பாம் கிடையாது, வாடிக்கையாளருக்கு எக்செல்லில் திறக்கக் கோப்பு கொடுக்கும் நேரத்தில் நிரல் சேர்த்துக் கொடுக்கும்.

டிஃப் கேட்டால் "பைனரி கோப்புகள் வேறுபடுகின்றன" என்கிறது. இது டெக்ஸ்ட் கோப்புதானே?

யூடிஎஃப்-16 ஆக இருக்கும். கிட், கோப்பின் முதல் 8000 பைட்டில் ஒரு சுழியம் இருந்தால் பைனரி என்று முடிவு செய்கிறது. யூடிஎஃப்-16-இல் "க" என்பது 149, 11 என்று இரண்டு பைட், அதில் சுழியம் இல்லை. ஆனால் இடைவெளி 32, 0. வரி முடிவும் அப்படியே. ஒரு இடைவெளி போதும், கோப்பு பைனரியாகிவிடும்.

பழைய நோட்பேடில் "யூனிகோடு" என்று இருந்த தேர்வு இதுதான். பெயரைப் பார்த்து நல்லது என்று நம்பித் தேர்ந்தெடுத்தவர்கள் பலர். இன்னொரு வழி, விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் அம்புக்குறி போட்டு ஒரு கட்டளையின் வெளியீட்டைக் கோப்பில் எழுதுவது. கிட் டிஃப்பை அப்படி எழுதி அனுப்பினால் அந்தப் பேட்சை எதிர்முனையில் கிட் அப்ளை ஏற்காது.

முடிந்தால் யூடிஎஃப்-8-க்கு மாற்றிவிடுங்கள். ஏதோ ஒரு பழைய விண்டோஸ் கருவி யூடிஎஃப்-16 மட்டும்தான் படிக்கும் என்றால், 2018-இல் கிட் 2.18-இல் வந்த வொர்க்கிங்-ட்ரீ-என்கோடிங் அமைப்பை .கிட்அட்ரிபியூட்ஸில் அந்தக் கோப்புக்கு மட்டும் எழுதுங்கள். ரெப்போவுக்குள் யூடிஎஃப்-8, உங்கள் கணினியில் யூடிஎஃப்-16 என்று இரண்டு பக்கமும் கிட்டே மாற்றிக் கொடுக்கும். குழுவில் எல்லாரும் 2.18-இலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், ஒருவர் பழையதில் இருந்தாலும் குழம்பும்.

எல்லா எழுத்தும் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று வருகிறது. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கேள்விக்குறியை விட இது எவ்வளவோ மேல். "க" யூடிஎஃப்-8-இல் 224, 174, 149. இதை விண்டோஸின் மேற்கு ஐரோப்பியப் பட்டியலாகப் படித்தால் 224 கோடு போட்ட ஏ, 174 வட்டத்துக்குள் ஆர். எல்லாத் தமிழ்க் குறிகளும் 224-இல் தொடங்குவதால் பக்கம் முழுக்க அதே ஏ.

பார்ப்பதில் மட்டும் தவறு என்றால் எடிட்டரில் யூடிஎஃப்-8 என்று திறந்தால் தீர்ந்தது. யாராவது அந்தக் குப்பையையே யூடிஎஃப்-8 ஆகச் சேவ் செய்து கமிட்டும் செய்திருந்தால், கோப்பில் 195 160 194 174 என்ற வரிசை திரும்பத் திரும்ப இருக்கும். தலைகீழாக மாற்றினால் தமிழ் வரும். ஆனால் உகரக் குறியின் கடைசி பைட் 129, புள்ளியின் கடைசி பைட் 141. இந்த இரண்டு எண்ணுக்கும் அந்தப் பட்டியலில் எழுத்தே இல்லை. சில மென்பொருள்கள் வைத்துக்கொள்ளும், சில தொலைத்துவிடும். புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழ் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்படி ஆகியிருந்தால் மீட்கப் போராடாமல் பழைய கமிட்டுக்குப் போங்கள்.

விண்டோஸிலும் லினக்ஸிலும் வரி முடிவு வேறு வேறாக இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

.கிட்அட்ரிபியூட்ஸில் நட்சத்திரம் போட்டு டெக்ஸ்ட்=ஆட்டோ என்று ஒரு வரி. சிஎஸ்வி-க்கும் ஸ்கிரிப்டுக்கும் ஈஓஎல்=எல்எஃப். அதன் பிறகு ஒரு தடவை கிட் ஆட் --ரீநார்மலைஸ் செய்து கமிட் போடுங்கள்.

பழையதை எல்லாம் யூடிஎஃப்-8-க்கு மாற்றினால் கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டுவது) எல்லா வரியும் என் பெயரில் வருமே?

வரும். அதனால் மாற்றத்தைத் தனிக் கமிட்டாகச் செய்யுங்கள், அதில் வேறு ஒரு திருத்தம்கூடச் சேர்க்காதீர்கள். அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி ரெப்போவில் வைத்து, பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் அமைப்பில் அதைக் காட்டிவிட்டால், பிளேம் அந்தக் கமிட்டைத் தாண்டி உண்மையில் எழுதியவரைக் காட்டும். கிட் 2.23-இலிருந்து இந்த வசதி இருக்கிறது.

மாற்றுவதற்கு முன்னால் திறந்து கிடக்கும் கிளைகளை (தனியாகப் பிரித்து நடக்கும் வேலைகளை) எல்லாம் மெர்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, முடியுங்கள். இல்லையென்றால் தமிழ் இருக்கும் ஒவ்வொரு வரியிலும் மோதல் வரும்.

கமிட் செய்தியைத் தமிழில் எழுதலாமா?

எழுதுங்கள். தறிக்குடோன் கூலியில் பாவு கணக்கு ஏன் மாறியது என்பதை நாம் தமிழில்தான் யோசிக்கிறோம். அதை உடைந்த ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. எங்கள் ரெப்போவில் பாதிக் கமிட்டுகள் தமிழில் இருக்கின்றன, ஒரு நாளும் கெட்டதில்லை.

டெர்மினலில் கொம்பு இடம் மாறியோ புள்ளி தள்ளியோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். பல டெர்மினல்களுக்குத் தமிழை அடுக்கத் தெரியாது. எடிட்டரில் சரியாகத் தெரிந்தால் கோப்பு சரி.

கோப்புப் பெயரைப் பொறுத்தவரை, தரவுக்கும் ஆவணத்துக்கும் தமிழ்ப் பெயர் வைக்கிறோம். நிரல் கோப்புகளுக்கு வைப்பதில்லை, மூன்றாமவர் எழுதிய கருவிகள் எது எங்கே தடுக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம், அதாவது 85 தமிழ்க் குறி. வாடிக்கையாளரின் முழு முகவரியையும் கோப்புப் பெயராக வைக்கிற பழக்கம் இருந்தால் முட்டும்.

நாங்கள் இன்னும் கிட்டுக்கு வரவில்லை, அதே வேலையைச் செய்யும் சப்வெர்ஷனில் இருக்கிறோம்.

பரவாயில்லை. அது பெயர்களையும் லாக் செய்திகளையும் ரெப்போவில் யூடிஎஃப்-8 ஆகவே வைக்கிறது. கட்டளை ஓடும் கணினியில் மொழி அமைப்பு வெறும் சி என்று இருந்தால்தான் பெயரை மாற்ற முடியவில்லை என்று திட்டும். லாங் மாறியில் (இதை மட்டும் பெரிய எழுத்தில் தட்டுங்கள்) யூடிஎஃப்-8 உள்ள ஒன்றைக் கொடுங்கள். சேர்ந்த "கோவை", பிரிந்த "கோவை" சிக்கல் அங்கேயும் உண்டு.

தப்பான கோப்பு உள்ளே நுழையாமல் தடுப்பது எப்படி?

பிரீ-கமிட் ஹுக் (கமிட்டுக்கு முன்னால் தானாக ஓடும் சோதனை நிரல்) ஒன்று வையுங்கள். எங்களுடையது நான்கு விஷயம் பார்க்கிறது. ஐகான்வ் மூலம் யூடிஎஃப்-8-இலிருந்து யூடிஎஃப்-8-க்கே மாற்றிப் பார்க்கும், பிழை வந்தால் நிறுத்தும். தலையில் பாம் இருந்தால் நிறுத்தும். தரவுக் கோப்பில் மூன்று கேள்விக்குறி தொடர்ந்து வந்தால் நிறுத்தும். கோப்புப் பெயரில் கொம்புக்குப் பின்னால் தனியாகத் துணைக்கால் வந்தால் நிறுத்தும். பாமினியை இது பிடிக்காது, அதற்குக் கண்தான் வேண்டும்.

ஹுக்கும் குளோனோடு போகாது. ஆகவே அதே சோதனையைச் சர்வரிலும் ஓடவிடுங்கள்.

எட்டு வருடக் குப்பை இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

இன்றைக்கு இருக்கிற நிலையை அப்படியே கமிட் செய்யுங்கள், பாமினியோ டிஸ்கியோ எதுவாக இருந்தாலும். அது மாற்றத்துக்கு முந்தைய பிரதி, பின்னால் கட்டாயம் தேவைப்படும். அடுத்து .கிட்அட்ரிபியூட்ஸ். அதற்கு அடுத்து, தினமும் அச்சாகும் கோப்பு எது என்று பார்த்து அதை மட்டும் மாற்றுங்கள், பெரும்பாலும் அது பொருள் பட்டியலாகத்தான் இருக்கும். ஒரு பில்லை அச்செடுத்து, கடைக்காரர் கையில் கொடுத்து, அவர் தன் ஊர்ப் பெயரையும் தன் அப்பா பெயரையும் படித்துச் சரி என்று சொன்ன பிறகு அடுத்த கோப்பை எடுங்கள்.